கலாம் கதையில் உங்கள் நாற்காலி எது?

மேலாளர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி என்று எங்கே நடந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் அப்துல் கலாம் வந்துவிடுவார். வகுப்பை நடத்துபவர் மேலாண்மைக் கல்லூரிப் பேராசிரியராக இருக்கலாம், நட்சத்திர ஓட்டலில் காலர் மைக்கோடு அங்குமிங்கும் நடக்கும் ஊக்கப் பேச்சாளராக இருக்கலாம். திரையில் அந்த நரைமுடிப் படம் வரும். பக்கத்தில் ஒரு ராக்கெட் நிற்கும். கீழே ஒரு பொன்மொழி இருக்கும். அதை அவர் சொன்னாரா என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம் கதை ஆரம்பிக்கும்.

கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எல்வி-3 கிளம்புகிறது. சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் விழுகிறது. திட்ட இயக்குநர் கலாம். வெளியே பத்திரிகையாளர்கள் காத்திருக்கிறார்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் கலாமையும் அழைத்துக்கொண்டு போகிறார். தோற்றுவிட்டோம், ஆனால் என் ஆட்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அடுத்த ஆண்டு ஜெயிப்போம் என்று தானே பேசுகிறார். 1980 ஜூலை 18. அதே எஸ்எல்வி-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைக்கிறது. இந்த முறை தவான் ஒதுங்கிக்கொண்டு, இன்று நீங்கள் பேசுங்கள் என்று கலாமை அனுப்புகிறார்.

அரங்கம் கைதட்டும். "இதுலேர்ந்து நாம என்ன கத்துக்கறோம்?" என்று பயிற்சியாளர் கேட்பார். தோல்வி வந்தால் தலைவன் ஏற்கவேண்டும், வெற்றி வந்தால் அணிக்குக் கொடுக்கவேண்டும். எழுதிக்கொள்ளுங்கள். டீ பிரேக்.

அந்த டீ பிரேக்கைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? துணைத் தலைவர்கள், பிரிவுத் தலைவர்கள், ஐம்பது பேரின் அப்ரைசலில் கையெழுத்துப் போடுகிறவர்கள். கதையைக் கேட்கும்போது அவர்கள் தங்களை யாராக நினைத்துக்கொள்கிறார்கள்? கலாமாக. தோற்று, தாங்கி, மீண்டு, ஜெயித்துக் கடைசியில் ஜனாதிபதி மாளிகைக்குப் போன ஆளாக. ஆனால் அவர்கள் உட்கார்ந்திருப்பது கலாமின் நாற்காலியில் இல்லை. தவானின் நாற்காலியில்.

கீழேயிருந்து சொன்ன கதை

கலாமின் ஆரம்பகால வாழ்க்கையிலிருந்து எடுத்துப் பரப்பப்படும் கதைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். குரோம்பேட்டை எம்ஐடியில் மூன்று நாள் கெடு கொடுத்த பேராசிரியர் சீனிவாசன். பெங்களூரில் நந்தி என்ற ஹோவர்கிராஃப்ட்டைச் செய்யும்போது ஆதரவு தந்த பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். நேர்காணலில் உட்கார்ந்து அவரை விண்வெளி ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விக்ரம் சாராபாய். அப்புறம் தவான். இவை ஒவ்வொன்றிலும் கலாம் தலைமை தாங்கப்பட்டவர். முடிவெடுக்கும் அதிகாரம் மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்தது.

எஸ்எல்வி-3 திட்டத்தில் அவருக்குக் கீழே பெரிய அணி இருந்தது உண்மைதான். ஆனால் தலைமை என்றால் என்ன என்று கேட்டபோதெல்லாம் அவர் தன்னைப் பற்றிப் பேசவில்லை, தன் மேலதிகாரியைப் பற்றிப் பேசினார். 2008இல் வார்ட்டன் வணிகக் கல்லூரியின் இந்தியப் பொருளாதார மன்றத்துக்காக பிலடெல்பியா போயிருந்தபோதும் இதே தவான் கதையைத்தான் சொன்னார். தான் கற்ற மிகச் சிறந்த மேலாண்மைப் பாடம் புத்தகத்திலிருந்து வரவில்லை, அந்த அனுபவத்திலிருந்து வந்தது என்பது அவர் பேச்சின் சாரம்.

அது ஒரு ஊழியர் தன் பாஸுக்குச் சொன்ன நன்றி. முப்பது வருடம் கழித்தும் மறக்காத நன்றி. ஒரு கதையைக் கீழேயிருப்பவர் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தம், மேலேயிருப்பவர் சொன்னால் வேறு அர்த்தம். "எங்க அப்பா என்னை அடிச்சு வளர்த்தார், அதான் நான் ஆளானேன்" என்று மகன் சொன்னால் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதையே அப்பா பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால்? கலாம் கதைக்கு நம் பயிற்சி அறைகளில் நடந்திருப்பது இதுதான். நன்றிக்கடிதத்தைப் பிடுங்கி ஆஃபர் லெட்டரில் ஒட்டிவிட்டார்கள்.

வால்வில் சிக்கிய தூசு

ஸ்லைடில் வராத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

ராக்கெட் ஏன் விழுந்தது? இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துபோனது. ஒரு வால்வில் மாசு சிக்கி, அது மூடாமல் திறந்தபடியே இருந்ததுதான் காரணம். இரண்டாம் கட்டம் எரியத் தொடங்கியபோது திசையைப் பிடித்துவைக்க எந்த விசையும் இல்லை. அதைவிட முக்கியம், கசிவு இருப்பது கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருந்தது. கவுண்ட்டவுன் கடைசிக் கட்டத்தில் கணினி நிறுத்தச் சொன்னது. கலாம் நிபுணர்களைக் கேட்டார், போதுமான இருப்பு இருக்கிறது என்றார்கள், கணினியை மீறிக் கிளப்ப முடிவெடுத்தார். இதையெல்லாம் சொன்னது அவருக்கு ஆகாதவர்கள் யாரும் இல்லை. அவரே பல மேடைகளில் சொன்னார்.

விழுந்த பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் கலாம் எழுந்து, கசிவைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது தன் தவறு, நிறுத்தியிருக்கவேண்டும் என்று சொன்னதை 'அக்னிச் சிறகுகள்' பதிவு செய்கிறது. வெளிநாடாக இருந்தால் இந்நேரம் திட்ட இயக்குநரின் வேலை போயிருக்கும் என்றும் அதே மூச்சில் சொல்கிறார். அந்த ஒரு வரியில் பயம் இருக்கிறது. 47 வயது மனிதர், எத்தனையோ வருட உழைப்பு கடலில் கிடக்கிறது, நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதுகின்றன. வேலை போகலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

போகவில்லை. அதே பதவி, அதே திட்டம், அதே ராக்கெட். பதினோரு மாதம் கழித்து அவரே மறுபடி கிளப்பினார்.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். அறைக்குள்ளே தவறு துல்லியமாகப் பேசப்பட்டது: எந்த வால்வு, எந்த நேரத்தில், யார் என்ன முடிவெடுத்தார்கள். அறைக்கு வெளியே தலைவர் ஒரு பெயரும் சொல்லாமல் தானே நின்றார். உள்ளே உண்மை, வெளியே காப்பு. நம் அலுவலகங்களில் இது அப்படியே தலைகீழ். வெளியே வாடிக்கையாளரிடம் "சில சவால்கள் இருந்தன" என்று மழுப்பல். உள்ளே "யாருப்பா இதை மெர்ஜ் பண்ணது?" என்று வேட்டை.

நாற்காலியின் கால்கள்

தவான் பெரிய மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்தப் பெரிய மனதுக்கு அடியில் ஒரு நாற்காலி இருந்தது, அந்த நாற்காலிக்குக் கால்கள் இருந்தன. பயிற்சியாளர்கள் அந்தக் கால்களை அறுத்துவிட்டுத் தவானை அந்தரத்தில் மிதக்கவிடுகிறார்கள்.

முதல் கால், அமைப்பு. சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று திடீரென்று இறந்தார். 1972இல் விண்வெளி ஆணையமும் விண்வெளித் துறையும் அமைக்கப்பட்டன. அந்தத் துறை நேராகப் பிரதமரின் கீழ் வந்தது. அதே வருடம் இஸ்ரோவுக்குத் தலைவரான தவான், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் தொடர்ந்தார். அதாவது ஒரு ராக்கெட் விழுந்தால் தானும் விழுந்துவிடும் நிலையில் அவர் இல்லை. பயமில்லாதவரால்தான் அடுத்தவர் பயத்தை வாங்கிக்கொள்ள முடியும்.

இரண்டாவது கால், காலம். எஸ்எல்வி-3 திட்டம் எழுபதுகளின் ஆரம்பத்தில் தொடங்கி முதல் முறை பறக்க 1979 ஆனது. காலாண்டுக்கு ஒருமுறை பங்குச் சந்தைக்கு முன்னால் நின்று கணக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மக்கள் வரிப்பணம். கேள்வி கேட்க நாடாளுமன்றம் இருந்தது, ஆனால் மூன்று மாதத்தில் லாபம் எங்கே என்று கேட்கிற முதலீட்டாளர் இல்லை.

மூன்றாவது கால், வேலைப் பாதுகாப்பு. அந்த வால்வைப் பொருத்தியவர், கசிவைப் பார்த்தவர், இருப்பு போதும் என்று சொன்ன நிபுணர், எல்லோரும் அரசு ஊழியர்கள். அடுத்த மாதச் சம்பளம் வரும். ஆய்வுக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்று தெரிந்தவன்தான் உண்மையைச் சொல்வான். ஆய்வுக் கூட்டம் என்ற சடங்கே அந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

இது தவான் என்ற ஒருவரோடு முடிந்துபோன கதையும் இல்லை. எஸ்எல்வி-3இன் 1981 பயணம் பாதி வெற்றிதான். செயற்கைக்கோள் தாழ்வான பாதையில் போய்ச் சில நாட்களில் வீழ்ந்தது. அடுத்து வந்த ஏஎஸ்எல்வி 1987 மார்ச்சில் விழுந்தது, 1988 ஜூலையில் மறுபடி விழுந்தது. 1993 செப்டம்பரில் முதல் பிஎஸ்எல்வி விழுந்தது. அப்போது தவான் தலைவரும் இல்லை, கலாம் இஸ்ரோவிலும் இல்லை, யூ. ஆர். ராவ் தலைவர். ஒவ்வொரு முறையும் தோல்வி ஆய்வுக் குழு உட்கார்ந்தது, காரணம் கண்டுபிடித்தது, ராக்கெட் மறுபடி எழுந்தது. 1994 அக்டோபரில் பிஎஸ்எல்வி ஜெயித்தது. நான் இதைப் பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன். இது பழக்கம், விதி, பட்ஜெட். ஒரு நல்ல மனிதர் வந்தால் நடக்கும், போனால் நின்றுவிடும் என்றிருந்தால் அதற்குத் தலைமை என்று பெயர் கிடையாது, அதிர்ஷ்டம் என்று பெயர்.

"முழுப் பொறுப்பையும் நான் ஏற்கிறேன்"

தவான் பாணியைக் கார்ப்பரேட் உலகம் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லமுடியாது. வசனத்தை நன்றாகவே கற்றுக்கொண்டது.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. இந்த முடிவுகளுக்கும், இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதற்கும் தான் பொறுப்பேற்பதாக மார்க் ஸக்கர்பெர்க் எழுதினார். 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரை நீக்கியது. நிறுவனத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்திய முடிவுகளுக்கு முழுப் பொறுப்பையும் ஏற்பதாக சுந்தர் பிச்சை மின்னஞ்சல் அனுப்பினார். பலருக்குத் தங்கள் வேலை போனதே அலுவலகக் கணக்குக்குள் நுழைய முடியாதபோதுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய 2022ஆம் ஆண்டுக்கான பிச்சையின் ஊதியம் சுமார் 22.6 கோடி டாலர் என்று சில மாதத்தில் செய்தி வந்தது. அதில் பெரும்பகுதி மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் பங்குகள், ஒரே வருடச் சம்பளம் இல்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். அப்படியும் அந்தக் கடிதத்தில் எழுதிய "பொறுப்பு" என்ற சொல்லுக்கு எடை எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

1979இல் தவான் பொறுப்பேற்றபோது யாருடைய வேலையும் கேள்விக்குறியாகவில்லை. அதனால்தான் அதற்குப் பெயர் பொறுப்பு. 2023இல் பொறுப்பு ஒருவருடையது, விலை கொடுத்தது 12,000 பேர். ஓட்டலில் "பில்லை நான் பார்த்துக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிட்டு, காசை மட்டும் பக்கத்து மேசைக்காரனிடம் வாங்கிக்கொண்ட மாதிரி.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு பெரிய வெளியீடு சொதப்பியது. கெடு சாத்தியமில்லை என்று அணியில் இரண்டு பேர் முன்பே மின்னஞ்சல் போட்டிருந்தார்கள். வாரக் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் தவான் கதையைச் சொன்னார், உருக்கமாகவே சொன்னார், "திஸ் இஸ் ஆன் மீ" என்று முடித்தார். இரண்டு மாதத்தில் அப்ரைசல் வந்தது. பெல் கர்வ்வின் அடிமட்டத்துக்கு யாராவது போயாக வேண்டும் இல்லையா? அந்த இரண்டு பேரில் ஒருவர் போனார். பிரிவுத் தலைவர் கெட்டவர் இல்லை. அவர் கதையை மனதார நம்பினார். ஆனால் அவருக்குக் கையில் கொடுக்கப்பட்டிருந்த அட்டவணையில் "தோல்வி தலைமையுடையது" என்று எழுத இடமே இல்லை. பத்துப் பேரில் ஒருவரைக் கீழே தள்ளு என்று மட்டும்தான் அது கேட்டது.

மூன்று நாள் கெடுவும் தங்க வளையலும்

அடுத்த பிரபலமான கதை எம்ஐடி கதை. மாணவர்கள் குழுவாகத் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கிறார்கள். கலாமின் பங்கு பேராசிரியர் சீனிவாசனுக்குத் திருப்தியாக இல்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்கிறார் கலாம். மூன்று நாள்தான், முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்கிறார் பேராசிரியர். சாப்பாடு தூக்கம் மறந்து வேலை செய்கிறார் கலாம். மூன்றாம் நாள் பேராசிரியர் வந்து பார்த்து வியந்து தட்டிக்கொடுக்கிறார். இதிலிருந்து எடுக்கப்படும் பாடம்: அழுத்தம் கொடு, மனிதன் மலர்வான்.

இந்தக் கதையை அதே புத்தகத்தின் இன்னொரு பக்கத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும். எம்ஐடியில் சேர அப்போது சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. ராமேஸ்வரத்து வீட்டில் அவ்வளவு பணம் கிடையாது. அக்கா ஜோஹராதான் தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகுவைத்துத் தம்பியை அனுப்பினார். சம்பாதித்து நானே மீட்டுத் தருவேன் என்று தம்பி மனதுக்குள் சபதம் செய்கிறார்.

இப்போது சொல்லுங்கள். உதவித்தொகையை நிறுத்துவேன் என்ற வார்த்தை அந்த மாணவனின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அதை "ஆக்கபூர்வமான அழுத்தம்" என்று ஸ்லைடில் எழுதுகிறவருக்கு அடகுக்கடைச் சீட்டின் கனம் தெரியுமா? கலாமுக்கு அந்தப் பேராசிரியர்மேல் கடைசிவரை மரியாதை இருந்தது. அது கலாமின் மனசு. முடித்தவர்தான் கதை சொல்ல மிஞ்சுகிறார். மூன்று நாளில் முடிக்கமுடியாமல் உதவித்தொகை போய் ஊருக்குத் திரும்பிய பையன் எவனாவது எங்காவது இருந்தால், அவனை எந்தப் பயிற்சியாளர் மேடைக்கு அழைக்கப்போகிறார்?

இன்று வீட்டுக் கடன், கல்விக் கடன், அப்பாவின் மருத்துவச் செலவு என்று மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு இருபத்தாறு வயதுக்காரியிடம் "டெட்லைன் மிஸ் ஆச்சுன்னா உன் ரோலைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்" என்று சொல்கிற மேலாளர், தன்னைச் சீனிவாசனின் வாரிசு என்றுதான் நினைத்துக்கொள்கிறார்.

பொருட்காட்சிக்குப் போன பிள்ளைகள்

இன்னொன்று வாட்ஸ்அப் கதை. நடந்ததா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை, பரவுகிற வடிவத்தை மட்டும் பார்ப்போம். தும்பாவில் எழுபது விஞ்ஞானிகள் இரவுபகலாக வேலை செய்கிறார்கள். ஒருவர் பாஸிடம் வந்து, பிள்ளைகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன், மாலை ஐந்தரைக்குக் கிளம்பட்டுமா என்று கேட்கிறார். பாஸ் சரி என்கிறார். மனிதர் வேலையில் மூழ்கி எட்டரைக்குத்தான் நிமிர்ந்து பார்க்கிறார். குற்ற உணர்ச்சியோடு வீடு திரும்பினால், பிள்ளைகள் இல்லை. மனைவி, உங்கள் மேலதிகாரி வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்கிறார். அந்த பாஸ்தான் கலாம். நெகிழ்ச்சி இமோஜி, ஃபார்வர்ட்.

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போக ஒரு அப்பா அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது. அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஐந்தரை ஆனதும் அவர் தோளைத் தொட்டு "கிளம்புய்யா, பிள்ளைங்க காத்திருக்கும்" என்று சொல்ல பாஸுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் கதைப்படி பாஸ் அதைச் செய்யவில்லை. ஊழியரை எழுப்பாமல் அவருடைய அப்பா வேலையைத் தான் செய்துவிட்டு வருகிறார், ராக்கெட் வேலை மூன்று மணி நேரம் கூடுதலாக நடக்கிறது. அந்த மனைவி? வந்தவரிடம் காபி வேண்டுமா, இல்லை நேராகச் சாப்பாடே போடட்டுமா என்று கேட்கத்தான் அவரைக் கதைக்குள் விட்டிருக்கிறார்கள். அவருடைய மாலைகளைப் பற்றி யாருக்கும் பாடம் கிடையாது.

இந்தக் கதை யாருக்குப் பிடிக்கிறது என்று பார்த்தால் அது ஏன் பரவுகிறது என்று புரியும். 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ். என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார்; ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். பொருட்காட்சிக் கதை பல வருடமாக நைசாகச் சொல்லிவந்ததைத்தான் அவர் பட்டென்று போட்டு உடைத்தார். குறைந்தபட்சம் அந்தக் கதையில் பாஸ் பிள்ளைகளையாவது கூட்டிப்போனார்.

யாரும் சொல்லாத நந்தி

இவ்வளவு கதை சொல்கிறவர்கள் நந்தியைப் பற்றி ஏன் பேசுவதில்லை? பெங்களூரில் கலாமும் ஒரு சின்ன அணியும் சேர்ந்து உள்நாட்டிலேயே ஒரு ஹோவர்கிராஃப்ட்டைச் செய்தார்கள். முன் அனுபவம் கிடையாது, வழிகாட்ட ஆள் கிடையாது. அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிப் பயணமே செய்தார், ஓட்டியவர் கலாம். 1962இல் சீனப் போர் வந்தது. மேனன் பதவி விலகினார். நந்தி ஓரம் கட்டப்பட்டது. வண்டி ஓடியது. அணி திறமையாக வேலை செய்தது. உழைப்பில் குறையே இல்லை. மேலே ஒரு நாற்காலி காலியானது, அவ்வளவுதான்.

இன்று ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் யாரையாவது கேளுங்கள், இந்தக் கதைதான் தன் கதை என்பார். ஒன்றரை வருடம் கட்டிய ப்ராடக்ட், புது வைஸ் பிரசிடெண்ட் வந்த மூன்றாம் வாரத்தில் "ஸ்ட்ராடஜி மாறிடுச்சு" என்று குப்பைக்குப் போனதைப் பார்க்காதவர் யார்? மேலாளர்கள் கற்கவேண்டிய பாடம் என்று கலாமின் இளமையில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் நந்தியைத்தான் காட்டுவேன். நீங்கள் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து போகும்போது உங்களை நம்பி வேலை செய்தவர்களின் உழைப்பு என்னாகும் என்பதற்கு ஏதாவது ஏற்பாடு செய்தீர்களா? ஆனால் இந்தக் கதையில் கைதட்ட இடமில்லை. அதனால் ஸ்லைடும் இல்லை.

"கம்பெனி என்ன கவர்மெண்ட்டா?"

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "கம்பெனி என்ன கவர்மெண்ட்டா? எங்களுக்குப் போட்டி இருக்கு, முதலீட்டாளர் இருக்காங்க, மார்க்கெட் இருக்கு. ஏழு வருஷம் காத்திருந்து சில நிமிஷத்துல கடல்ல போட முடியாது."

சரி. நியாயமான பேச்சு. அப்படியானால் கதையையும் சொல்லாதீர்கள். உங்கள் நிறுவனம் காலாண்டுக் கணக்கில் ஓடுகிறது, நட்டம் வந்தால் ஆட்களைக் குறைப்பீர்கள், கீழ்த்தட்டு மதிப்பெண் கட்டாயம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி ஆள் எடுங்கள். அது கடுமையாக இருக்கும், ஆனால் நேர்மையாக இருக்கும். அரசு நிறுவனத்தின் பொறுமையில் விளைந்த கதையை எடுத்து, தனியார் நிறுவனத்தின் அவசரத்துக்கு உரமாகப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இஸ்ரோ சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. அதே இஸ்ரோவில்தான் நம்பி நாராயணன் 1994இல் பொய்யான உளவு வழக்கில் கைதானார். உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொல்ல 2018 ஆனது. அந்த நாட்களில் தன் நிறுவனம் தனக்குத் துணை நிற்கவில்லை என்ற வலியை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். வால்வு கசிந்தபோது காத்த அமைப்பு, காவல்துறை வந்தபோது காக்கவில்லை. தலைமை என்பது தனிமனித குணம் என்று மட்டும் நம்பினால் இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளவே முடியாது. எந்தத் தோல்விக்கு விதி இருந்ததோ அங்கே ஆள் தப்பினார், விதி இல்லாத இடத்தில் மாட்டினார்.

கலாம் கடைசியாகப் பேசியதும் ஒரு மேலாண்மைக் கல்லூரியின் மேடையில்தான். 2015 ஜூலை 27, ஐஐஎம் ஷில்லாங். மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோது சரிந்தார். வாழ்நாள் முழுக்கத் தன் மேலதிகாரிகளுக்கு நன்றி சொன்ன ஒருவரை, ஊழியர்களை மிரட்டும் சுவரொட்டியாக மாற்றியது அவர் குற்றம் இல்லை.

ஆகவே அடுத்த முறை உங்கள் அலுவலகத்தில் அந்த ஸ்லைடு வரும்போது கையைத் தூக்குங்கள். மரியாதையாகவே கேட்கலாம். "சார், போன வருஷம் நம்ம ப்ராஜெக்ட் விழுந்துதே, அதுக்காக யார் போனஸ் குறைஞ்சது? விழும்னு முன்னாடியே எழுதிக் கொடுத்தவங்க இப்ப எங்க இருக்காங்க? காரணம் என்னன்னு எழுதின ரிப்போர்ட்டை நாங்க படிக்கலாமா?" மூன்றே கேள்விகள். இவற்றுக்குப் பதில் இருக்கிற நிறுவனத்தில் தவான் கதையைச் சொல்லவேண்டிய தேவையே இருக்காது. பதில் இல்லாத இடத்தில், அந்தக் கதையை முடித்துக்கொண்டு டீ பிரேக் விடச் சொல்லுங்கள்.